ஃபிலே தீவைப் பற்றிய பழைய எழுத்துகளை நீங்களே படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃபிலே என்று இணையத்தில் தேடினால் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வரும். ஐசிஸ் தேவியின் தீவு, எகிப்தின் பழைய சமயம் கடைசியாக உயிரோடு இருந்த இடம், கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் ஆள் அனுப்பிக் கோயிலை மூடினார், அத்தோடு எல்லாம் முடிந்தது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், புரோகோபியஸ் என்ற பைசாந்திய வரலாற்றாசிரியர் எழுதிய ஒரு சிறு பகுதியில் போய் நிற்கும். அதே கோயிலின் சுவரில் இருக்கும் எழுத்துகளோ வேறு கணக்குச் சொல்கின்றன.

இந்த மூலங்களை மொழிபெயர்ப்பில் நாமே படிக்கலாம், கிரேக்கமோ எகிப்திய மொழியோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த வரிசையில் படிப்பது, எதை எதோடு வைத்துப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும். எந்த வரியைப் படித்தாலும் ஒரு கேள்வியை மட்டும் விடாதீர்கள்: இதை எழுதியவர் அப்போது எங்கே இருந்தார்? தீவிலா, பக்கத்து ஊரிலா, ஆயிரம் மைல் தள்ளித் தலைநகரிலா?

முதல் படி: எந்தத் தீவு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

படிக்க உட்காரும் முன் ஒரு வரைபடம் தேவை. அஸ்வான் நகரத்தைப் பழைய நூல்கள் சையீன் என்று சொல்லும். அதற்கு எதிரே நைல் நதியில் இருப்பது எலிஃபன்டைன் தீவு. அங்கிருந்து தெற்கே நதி பாறைகளுக்கு நடுவே இரைந்து ஓடும் முதல் பேரருவிப் பகுதி, அதைத் தாண்டினால் ஃபிலே. ஃபிலேவுக்கு மேற்கே, கைக்கெட்டும் தூரத்தில், பிகா என்று இன்னொரு தீவு இருக்கிறது. ஒசிரிஸின் கல்லறை இருப்பதாக நம்பப்பட்டது இந்தப் பிகாவில்தான். பூசாரிகளைத் தவிர யாரும் கால்வைக்கக் கூடாத இடம் என்பதால் கிரேக்கர்கள் அதை அபாடன் என்றார்கள். ஐசிஸ் இருந்தது ஃபிலேவில், அவள் கணவன் ஒசிரிஸ் கிடந்தது அபாடனில். பழைய எழுத்தாளர்கள் பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து எழுதும் இன்றைய கட்டுரைகளும் அப்படியே குழப்புகின்றன.

இன்னொரு விஷயம். நீங்கள் இன்று படகேறிப் போய்ப் பார்க்கும் கோயில் பழைய ஃபிலேவில் இல்லை. 1902இல் முதல் அஸ்வான் அணை கட்டியதிலிருந்து தீவு வருடத்தில் பல மாதம் தண்ணீருக்குள் கிடந்தது. பிறகு மேலணை வந்தபோது, 1970களில் யுனெஸ்கோ முயற்சியில் கோயில்களைக் கல் கல்லாகப் பிரித்துப் பக்கத்தில் இருந்த அகில்கியா என்ற உயரமான தீவில் மறுபடி கட்டினார்கள், 1980இல் திறந்தார்கள். அதனால் "கிரேக்கப் பயணி ஸ்ட்ராபோ இறங்கிய துறை இதுதான்" என்று வழிகாட்டி யாராவது கைகாட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கல் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம்

கிடைக்கும் மூலங்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஒன்று, தீவிலேயே வெட்டப்பட்ட எழுத்து: கோயில் சுவர் வாசகங்கள், அரச ஆணைகள், யாத்ரீகர்களும் பூசாரிகளும் கீறிய வரிகள். இன்னொன்று, வெளியே உட்கார்ந்து எழுதிப் பிறகு நூற்றாண்டுக் கணக்கில் கையால் நகலெடுக்கப்பட்டு நம்மிடம் வந்த நூல்கள். கல்லில் இருப்பது உண்மை, நூலில் இருப்பது கட்டுக்கதை என்று முடிவுகட்டிவிடாதீர்கள், கல்லும் பொய் சொல்லும். ஆனால் எங்கே, பெரும்பாலும் எப்போது எழுதப்பட்டது என்ற இரண்டையும் கல்லே சொல்லிவிடுகிறது, நூல்களில் அதைக் கண்டுபிடிக்கத்தான் பாடுபட வேண்டும்.

மூன்றாம் படி: நேரில் போனவர்களை முதலில் படியுங்கள்

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிலிருந்து தொடங்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன அவர், எலிஃபன்டைன் வரை தன் கண்ணால் பார்த்ததாகவும் அதற்குத் தெற்கே கேட்டறிந்ததாகவும் தன் இரண்டாம் புத்தகத்தில் (2.29) சொல்கிறார். ஃபிலே என்ற பெயரே அவரிடம் இல்லை. அப்படியானால் அப்போது அங்கே கோயில் இல்லையா? இருந்தது, ஆனால் சிறியது. அவருக்கு முன்பே தஹார்க்கா, அமாசிஸ் போன்ற மன்னர்கள் காலத்துக் கற்கள் தீவில் கிடைத்திருக்கின்றன. இன்று நிற்பவற்றில் மிகப் பழையவை முதலாம் நெக்டனெபோ கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டியவை. பெரிய கோயில் அதற்கும் பிறகு, எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்துத் தாலமி மன்னர்கள் எழுப்பியது. ஹெரோடோட்டஸின் மௌனத்துக்கு இதற்கு மேல் பொருள் தேட வேண்டாம். ஒருவர் சொல்லவில்லை என்பதை வைத்து ஒன்று இல்லை என்று வாதாடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

நேரில் போய் எழுதியவர்களில் நமக்குக் கிடைத்த சிறந்த சாட்சி ஸ்ட்ராபோ. கி.மு. 20களில், ரோமானிய ஆளுநர் ஈலியஸ் காலஸ் நைல் நதியில் மேலே போனபோது கூடவே போனவர். அவருடைய புவியியல் நூலில் 17ஆம் புத்தகம், முதல் அத்தியாயம், 49, 50 பகுதிகளைத் திறங்கள். நூல்களில் 17.1.50 என்று குறித்திருப்பார்கள். எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் எண் மாறாது, அதனால் பக்க எண்ணை மறந்துவிட்டு இந்த எண்களையே குறித்துவையுங்கள்.

சையீனிலிருந்து ஃபிலேவுக்கு வண்டியில் போனார்களாம், மிகச் சமமான வெளி வழியாக. இரு பக்கமும் உருண்டையான, வழவழப்பான கரும்பாறைகள், ஒன்றின்மேல் ஒன்றாகவும் தனித்தனியாகவும். அஸ்வான் பக்கம் போனவர்களுக்கு அந்தப் பாறைகளைத் தெரியும், இன்றும் அப்படியேதான் கிடக்கின்றன. பிறகு தீவுக்குக் கடக்க ஒரு சிறு படகு. மரக்குச்சிகளைக் கட்டி, கூடை முடைவதுபோல் முடைந்தது, கிட்டத்தட்ட நம் பரிசல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டோ சிறு பலகையில் உட்கார்ந்துகொண்டோ கடந்தார்கள். பயந்துகொண்டே போனோம், ஆனால் பயத்துக்குக் காரணமே இல்லை என்று அவரே எழுதுகிறார். வெளியூர்க்காரர் ஒருவர் முதல் முறை அப்படிப்பட்ட படகில் ஏறினால் வேறென்ன எழுதுவார்?

தீவில் அவரைக் கவர்ந்தது ஒரு பறவை. அங்கே ஒரு பருந்தை வைத்து வணங்கினார்கள். எங்கள் நாட்டுப் பருந்து போலவும் இல்லை, எகிப்துப் பருந்து போலவும் இல்லை, அளவில் பெரியது, இறகின் நிறமும் வேறு என்கிறார். எத்தியோப்பியாவிலிருந்து கொண்டுவருவோம், ஒன்று செத்தால், சில சமயம் அதற்கு முன்பே, இன்னொன்று வரும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்களாம். இவர்களுக்குக் காட்டியது நோயில் சாகும் நிலையில் இருந்தது. இப்படிச் சோர்வான, யாருக்கும் பெருமை சேர்க்காத விவரத்தை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள், அதனால்தான் இந்தப் பகுதியை நான் நம்புகிறேன். இந்தப் பருந்தை நினைவில் வையுங்கள், 400 ஆண்டுக்குப் பிறகு நடக்கும் ஒரு கதையில் மறுபடி வரும்.

அதற்காக ஸ்ட்ராபோ சொன்னதெல்லாம் சரி என்றில்லை. வண்டிப் பயணம் 100 ஸ்டேடியா என்று பிரதிகளில் இருக்கிறது, அதாவது ஏறக்குறைய 18 கிலோமீட்டர். உண்மைத் தூரம் அதில் பாதிதான். அவர் தப்பாகக் கணித்தாரா, நகலெடுத்தவர் எண்ணைத் தவறவிட்டாரா என்பது பழைய வழக்கு. பழைய நூல்களில் எண்கள்தான் முதலில் கெட்டுப்போகும்.

அப்புறம், ஒரு ஊரைப் பற்றி அந்த ஊர்ப் பகுதியில் மட்டும் தேடாதீர்கள். ஒசிரிஸ் எங்கே கிடக்கிறார் என்பதில் ஃபிலே மக்கள் மற்றவர்களோடு சண்டை பிடிப்பதை ஸ்ட்ராபோ வடக்கே டெல்டாவைப் பேசும் இடத்தில் (17.1.23) சொல்லிவிட்டுப் போகிறார். நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் இப்படித்தான் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது: காலஸோடு எத்தியோப்பிய எல்லை வரை போன இதே பயணத்தின்போதுதான், செங்கடலின் மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்கு 120 கப்பல்கள் போவதைத் தெரிந்துகொண்டதாக அவர் 2.5.12இல் எழுதுகிறார். தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்த குசைர் அல் காதிம்தான் அந்தத் துறைமுகம் என்று இன்று அடையாளம் காணப்பட்டிருக்கிறது.

நான்காம் படி: கேள்விப்பட்டு எழுதியவர்களைச் சுவர் வாசகத்தோடு சேர்த்துப் படியுங்கள்

இந்தப் படிக்கு மூன்று பேர், ஒரு சுவர்.

கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் எகிப்துக்கு வந்தவர், ஆனால் ஃபிலே விவரத்தைச் "சிலர் சொல்கிறார்கள்" என்றுதான் தொடங்குகிறார் (1.22). கல்லறையைச் சுற்றி 360 கிண்ணங்கள், அதற்கென்று நியமித்த பூசாரிகள் தினமும் அவற்றில் பால் நிரப்பித் தெய்வங்களின் பெயர் சொல்லி ஒப்பாரி வைப்பார்கள், பூசாரிகள் தவிர யாரும் மிதிப்பதில்லை. தீப்ஸ் பகுதி மக்களுக்கு "ஃபிலேவில் கிடக்கும் ஒசிரிஸ் மேல் ஆணை" என்பதுதான் மிகப் பெரிய சத்தியம்.

ரோமானியத் தத்துவஞானி செனெக்கா ரோமிலிருந்து எழுதுகிறார், நைல் வெள்ளத்துக்குக் காரணம் தேடும்போது. ஃபிலே வேறு, அதிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள பாறையான அபாடன் வேறு என்று சரியாகப் பிரித்துச் சொல்வதில் இவர் டியோடோரஸைவிடத் தெளிவு. வெள்ளம் ஏறுவதன் முதல் அறிகுறி அங்கேதான் தெரியும் என்கிறார். அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, நைலின் நரம்புகள் என்று அழைக்கப்படும் இடத்தில், திருவிழா நாளில் பூசாரிகள் காணிக்கையையும் ஆளுநர்கள் பொன்னையும் தண்ணீரில் எறிவார்களாம்.

கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தன் ஐசிஸ், ஒசிரிஸ் நூலில் (பகுதி 20) ஒரு படி மேலே போகிறார். அந்தத் தீவில் பறவைகூட இறங்காது, மீன்கூட நெருங்காது. வருடத்தில் ஒரே ஒரு சமயம் பூசாரிகள் கடந்துபோய்க் கல்லறைக்கு மாலை சூட்டுவார்கள், அதன்மேல் ஒலிவ மரத்தைவிட உயரமான ஒரு மரம் நிழல் தரும்.

இப்போது சுவருக்கு வாருங்கள். ஃபிலேவில் ஹேட்ரியன் வாயில் என்று ஒன்று இருக்கிறது, பிகாவைப் பார்த்த பக்கம், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதில் அபாடனுக்கான விதிகள் சித்திர எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கல்லறையைச் சுற்றி 365 பலிபீடங்கள், தினமும் பால். பத்து நாளுக்கு ஒரு முறை ஐசிஸ் கடந்துவந்து கணவனுக்கு நீர் வார்ப்பாள். யாழ் கூடாது, குழல் கூடாது, குரல் உயர்த்திப் பேசக் கூடாது, பறவையோ மீனோ பிடிக்கக் கூடாது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டியோடோரஸின் 360ம் சுவரின் 365ம் ஒரே வழக்கத்தின் இரண்டு கணக்கு, வருடத்தின் நாட்கள். எகிப்திய ஆண்டு 360 நாளும் கூடுதலாக 5 நாளும் கொண்டது. பறவை, மீன் கதை இன்னும் சுவையானது. சுவரில் அது மனிதருக்கு விதித்த தடை. புளூட்டார்க்கிடம் வந்து சேர்வதற்குள் பறவையும் மீனும் தாமாகவே விலகிப்போகும் அற்புதமாகிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. வருடத்துக்கு ஒரு முறை என்று அவர் சொல்வது சுவரோடு ஒத்தே போகவில்லை. ஆனால் புளூட்டார்க்கை ஒதுக்கவும் முடியாது. அவருக்குச் செய்தி சொன்னவர் யாரோ அபாடனின் விதிகளை உண்மையிலேயே அறிந்தவர், அது மட்டும் உறுதி.

ஐந்தாம் படி: கல்லைப் படியுங்கள், ஆனால் யார் பேசுகிறார் என்று கேளுங்கள்

எனக்குப் பிடித்தது பூசாரிகளின் ஒரு மனு. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்டாம் தாலமிக்கும் இரண்டு கிளியோபாட்ரா அரசிகளுக்கும் அனுப்பியது. ஃபிலே வழியாகப் போகிற வருகிற தளபதிகள், அதிகாரிகள், காவலர்கள் எல்லோரும் தங்கள் செலவை எங்கள் தலையில் கட்டுகிறார்கள், கோயில் வறுமைப்படுகிறது, பலிக்கும் படையலுக்கும் மிஞ்சாது போலிருக்கிறது, இனி தொந்தரவு செய்யாதே என்று ஆளுநர் லோக்கஸுக்கு எழுதுங்கள். மன்னர் ஒத்துக்கொண்டார். அதைக் கல்லில் வெட்டி வைக்கவும் அனுமதி கேட்டு வாங்கி, ஒரு ஒபெலிஸ்க் தூணின் அடிப்பீடத்தில் வெட்டினார்கள். புனிதத் தீவின் அன்றாடக் கவலை என்ன என்று இதைவிட நன்றாக எந்த நூலும் சொல்லவில்லை.

அந்தத் தூண் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போய் இன்றும் கிங்ஸ்டன் லேசி மாளிகையில் நிற்கிறது. அதில் இருந்த தாலமி, கிளியோபாட்ரா பெயர்கள் 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் சித்திர எழுத்தின் புதிரை உடைக்க உதவின. 2014இல் வால்விண்மீன்மேல் இறங்கிய ஐரோப்பிய விண்கலத்துக்கு ஃபிலே என்று பேர் வைத்ததும் அதனால்தான், இறங்க வேண்டிய இடத்துக்கு அகில்கியா என்றே பெயரிட்டார்கள்.

பெருமையடிக்கும் கல்லும் உண்டு. எகிப்தின் முதல் ரோமானிய ஆளுநர் கொர்னீலியஸ் காலஸ், கி.மு. 29இல் தன் வெற்றிகளைச் சித்திர எழுத்து, இலத்தீன், கிரேக்கம் என மூன்றிலும் வெட்டி நிறுத்தினார். சில வருடத்தில் அகஸ்டஸின் கோபத்துக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டார். உடைந்த அந்தக் கல் 1896இல் ஃபிலேவில் அகஸ்டஸ் கோயில் முன் கிடைத்தது. இவர் வேறு, ஸ்ட்ராபோவைக் கூட்டிப்போன ஈலியஸ் காலஸ் வேறு, கவனம்.

கடைசியாகச் சுவர்க் கீறல்கள். டெமாட்டிக் என்ற வேகமாக எழுதும் எகிப்திய எழுத்தில் மட்டும் ஃபிலேவில் 400க்கு மேல் பதிவாகியிருக்கின்றன, கிரேக்கத்திலும் மெரோவே எழுத்திலும் தனியாக இருக்கின்றன. தெற்கே மெரோவே அரசனின் தூதர் ஒருவர் கி.பி. 253இல் வந்து எழுதிய நீண்ட வாசகம் அவற்றில் ஒன்று. எல்லாவற்றிலும் பிரபலமானது ஹேட்ரியன் வாயிலில், மந்துலிஸ் தெய்வத்தின் உருவத்தருகே, நெஸ்மெதெரகெம் என்ற ஐசிஸின் இரண்டாம் பூசாரி எழுதியது. தேதி தெரிந்த சித்திர எழுத்துகளில் உலகின் கடைசி அதுதான்: கி.பி. 394 ஆகஸ்ட் 24.

இந்தத் தேதி எப்படி வந்தது என்று ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடவே உள்ள டெமாட்டிக் வரிகளில் 110ஆம் ஆண்டு, ஒசிரிஸ் பிறந்த நாள் என்று இருக்கிறது. ஆண்டு பேரரசர் டயோக்ளீஷியன் பதவியேற்றதிலிருந்து எண்ணுவது. முதல் ஆண்டு 284 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கினால் 110ஆம் ஆண்டு 393 ஆகஸ்ட் இறுதி முதல் 394 ஆகஸ்ட் இறுதி வரை. ஒசிரிஸ் பிறந்த நாள், ஆண்டு முடிவில் வரும் கூடுதல் ஐந்து நாளில் முதலாவது, அதாவது ஆகஸ்ட் 24. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய அதே டயோக்ளீஷியன் கணக்கைத்தான் எகிப்தியக் கிறிஸ்தவர்கள் தியாகிகள் சகாப்தம் என்று இன்றும் வைத்திருக்கிறார்கள், ஐசிஸ் பூசாரியும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்.

ஆறாம் படி: "கோயில் எப்போது மூடியது?" என்ற கேள்வியை இப்போது எடுங்கள்

இதுவரை செய்ததெல்லாம் இதற்குத்தான். சாட்சிகளைத் தேதிவாரியாக அடுக்குவோம்.

ஆரோனின் வாழ்க்கை என்ற, எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழி நூல், 4ஆம் நூற்றாண்டில் ஃபிலேவின் முதல் ஆயர் மக்கெதோனியுஸ் செய்ததைச் சொல்கிறது. பூசாரி ஊரில் இல்லாத நேரம், பலி கொடுக்க வந்தவர்போல் நடித்து, கூண்டில் இருந்த புனிதப் பருந்தை எடுத்துத் தலையை வெட்டி நெருப்பில் போட்டார். துறவிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கதை, நடந்ததாக அப்படியே எடுக்க முடியாது. ஆனால் கூண்டுப் பருந்து என்ற விவரம் ஸ்ட்ராபோவோடு பொருந்துகிறது பாருங்கள், அந்த வழக்கம் இருந்தது என்பதற்கு இரண்டு பேர், ஒருவரை ஒருவர் படிக்காதவர்கள்.

அடுத்து ஒரு பாப்பிரஸ், அதாவது நாணல் தாளில் எழுதிய ஏடு. இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில், அதாவது 5ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், சையீன் ஆயர் அப்பியோன் பேரரசருக்கு எழுதிய மனு: எல்லையில் பகைவர் தாக்குகிறார்கள், ஃபிலேவில் உள்ள தேவாலயங்களைப் படைவீரர் காப்பதுபோல் என் தேவாலயங்களையும் காக்கப் படைவீரர் வேண்டும். அதே சமயத்தில் கோயிலில் பூசாரிகளும் இருந்தார்கள். தேதியுள்ள கடைசி டெமாட்டிக் கீறல் கி.பி. 452 டிசம்பரில். ஆக, ஒரே சின்னத் தீவில் இரண்டு சமயமும் பல காலம் அருகருகே.

அதே 450களில் பிரிஸ்கஸ் என்ற வரலாற்றாசிரியரின் சாட்சி வருகிறது. துண்டாகத்தான் கிடைத்திருக்கிறது, ஆனால் தங்கம். தளபதி மக்சிமினுஸோடு எகிப்தில் இருந்தவர் அவர். பிளெம்மியர், நோபாத்தியர் என்ற தெற்கத்தி மக்களோடு ரோமானியர் 100 ஆண்டுச் சமாதானம் செய்தார்கள். பழைய வழக்கப்படி அவர்கள் தடையில்லாமல் ஐசிஸ் கோயிலுக்கு வரலாம், குறித்த காலத்தில் தேவியின் சிலையைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துப்போய்க் குறி கேட்டுவிட்டுத் திருப்பித் தரலாம், படகின் பொறுப்பு எகிப்தியருடையது. ஒப்பந்தத்தைக் கோயிலிலேயே எழுதினார்கள். மக்சிமினுஸ் சீக்கிரமே இறந்துபோனார், மறுபக்கம் உடனே ஒப்பந்தத்தை மீறியது. கிறிஸ்தவப் பேரரசு ஒன்று எல்லை அமைதிக்காக ஐசிஸை விட்டுவைத்தது என்பது இதில் வெட்டவெளிச்சம்.

தேதியுள்ள கடைசி ஐசிஸ் வழிபாட்டு வாசகம், கிரேக்கத்தில், 456 அல்லது 457. அதன் பிறகு சுவர் பேசவில்லை. ஏதென்ஸில் மரினுஸ் என்பவர் 485 வாக்கில் தன் ஆசிரியரான தத்துவஞானி புரோக்ளஸின் வாழ்க்கையை எழுதும்போது "ஃபிலேவில் இன்னும் வணங்கப்படும் ஐசிஸ்" என்று போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். அவர் ஃபிலே பக்கம் போனதாகத் தெரியவில்லை, பழைய தேவதைகள் மேல் பற்றுள்ளவர் வேறு.

பிறகுதான் புரோகோபியஸ் (பாரசீகப் போர்கள், 1.19). 6ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதியவர். தன் காலம் வரை பிளெம்மியரும் நோபாத்தியரும் ஃபிலே கோயில்களை வைத்திருந்ததாகவும், ஜஸ்டினியன் ஆணைப்படி தளபதி நர்செஸ் கோயில்களை இடித்து, பூசாரிகளைக் காவலில் வைத்து, சிலைகளைத் தலைநகருக்கு அனுப்பியதாகவும் சொல்கிறார். 535 முதல் 537க்குள் நடந்ததாகக் கணிக்கிறார்கள். (இத்தாலியை வென்ற நர்செஸ் இவர் இல்லை, பெயர்தான் ஒன்று.) இடித்தார் என்பது நேரடியாகவே தவறு. கோயில் நிற்கிறது, பல உருவங்களின் முகம் கொத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே கிரேக்க வாசகங்கள் இருக்கின்றன, ஆயர் தியோடோர் காலத்தில் இந்த இடம் புனித ஸ்தேவானின் வீடானது என்று. அவை இடித்ததைப் பற்றிப் பேசுவதே இல்லை.

என் முடிவு இது, நீங்கள் மறுக்கலாம்: அன்றாட வழிபாடு 5ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பூசாரிக் குடும்பங்கள் தேய்ந்து தளர்ந்துவிட்டது, தெற்கத்தி மக்களின் வருகை அதற்குப் பிறகும் சில காலம் தொடர்ந்திருக்கலாம், ஜஸ்டினியனின் ஆள் வந்தபோது மூட வேண்டியது ஏற்கெனவே பாதி மூடிக் கிடந்தது. பேரரசரின் வெற்றியாக எழுதத் தலைநகரில் ஆள் இருந்தார்கள், தேய்ந்துபோனதை எழுத யாருக்கும் காரணம் இல்லை. ஆய்வாளர்கள் சிலரும் இப்போது இந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள். மறுக்க விரும்பினால் மரினுஸின் "இன்னும்" என்ற சொல்தான் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம்.

ஏழாம் படி: எங்கே படிப்பது

ஸ்ட்ராபோ, டியோடோரஸ், புளூட்டார்க், புரோகோபியஸ் நால்வரின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெர்சியஸ் மின்நூலகத்தில் ஸ்ட்ராபோவின் கிரேக்க மூலத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். கல்வெட்டு, பாப்பிரஸ், பிரிஸ்கஸ் துண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால், எகிப்துக்குத் தெற்கே உள்ள நூபியா பற்றிய மூலங்களை மொழிபெயர்ப்போடு நான்கு தொகுதிகளாக நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகம் 1994 முதல் 2000 வரை வெளியிட்டது, ஃபோன்டெஸ் ஹிஸ்டோரியே நூபியோரும் என்று தேடுங்கள். விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை, நூலகங்களில் கேளுங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் ஸ்ட்ராபோ 17.1.50, பூசாரிகளின் மனு, பிரிஸ்கஸ் துண்டு, புரோகோபியஸ் 1.19, இந்த வரிசையில் ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம். புரோகோபியஸை மட்டும் முதலில் எடுக்காதீர்கள்.